குதிரை டிராம் மாதிரி செய்ய

வட அயர்லாந்தின் ஃபின்டோனாவில் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஒற்றைக் குதிரை இழுத்த டிராம் 1957 வரை ஓடியது. எந்தக் குதிரை வந்தாலும் பெயர் டிக்தான்!

பாதை அகலம் 1600 மி.மீ. நாகர்கோவில் பள்ளிக் கண்காட்சிக்கு 1:20 அளவே வசதி. தண்டவாள உள்ளிடைவெளி 80 மி.மீ. வரும். மீட்டர் நீளப் பலகையில் இரண்டு அலுமினியப் பட்டைகளை நெட்டுக்குத்தாகப் பதியுங்கள். மரச்சக்கரத்தின் உட்பக்கம் சற்றே பெரிய வாஷரை ஒட்டினால் விளிம்பு தயார். இரு விளிம்புகளின் வெளிப்புறங்களுக்கு இடையே 78 மி.மீ.தான் இருக்கணும், சரியாக 80 வைத்தால் இறுகி நின்றுவிடும்.

ஒரு கிலோ பாரம் ஏற்றி, ஸ்பிரிங் தராசால் தண்டவாளத்திலும் மணலிலும் இழுத்துப் பாருங்கள். முட்டம் பக்கத்து மணலானால் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரமணல் கெட்டியாகிச் சக்கரத்தைப் புதையவிடாது, இரண்டுக்கும் உள்ள இழுவிசை வித்தியாசம் மங்கிப்போகும். கயிற்றை அச்சு உயரத்திலேயே கட்டுங்கள். மேலே கட்டினால் முன்சக்கரம் அமுங்கும்.