கோவைக்குப் பன்னாட்டு கோல்ஃப் போட்டி: விண்ணப்பம் தயாரிப்பது எப்படி

ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையை யார் நடத்துவது என்பதற்கே ஐரோப்பிய நாடுகள் முட்டி மோதுகின்றன. 2018 போட்டிக்கு பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் கடைசிவரை நின்றன. 2011 மே மாதம் பிரான்ஸ் வென்றது. அதற்கடுத்த ஐரோப்பிய முறைக்கு ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றையும் தாண்டி 2015 டிசம்பரில் இத்தாலி வாங்கியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மாறி மாறி நடத்துவதால் அந்தக் கோப்பை இந்தியாவுக்கு வராது. ஆனால் கோவையின் கோல்ஃப் களம் இருக்கும் செட்டிபாளையத்துக்கு, ஆசியாவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான ஆசிய டூரின் போட்டி ஒன்றைக் கொண்டுவர நினைக்கும் சங்கத்துக்கு அந்த விண்ணப்பங்களைவிட நல்ல பாடம் கிடைக்காது. களம் அழகாக இருப்பதால் மட்டும் யாருக்கும் போட்டி கிடைத்ததில்லை. பணம், தண்ணீர், நிலம் மூன்றுக்கும் கையெழுத்துப் போட்ட காகிதம் வைத்திருப்பவருக்கே கிடைக்கும்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். இத்தாலி உரிமையை வாங்கிய பிறகு, அரசு தரவேண்டிய 9.7 கோடி யூரோ உத்தரவாதம் 2017 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சிக்கிக்கொண்டது. கிடைத்த போட்டி கைநழுவிப் போகுமோ என்ற நிலை. பிரான்ஸ் அந்தச் சிக்கலே வராதபடி, உரிமம் பெற்ற ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் ஆண்டுக்கு 3 யூரோ வாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்தது. நம் ஊரிலும் மேடையில் கொடுத்த வாக்கை விண்ணப்பத்தில் வரவாக எழுதாதீர்கள். அரசுப் பணம் என்றால் அரசாணை எண், தனியார் பணம் என்றால் வங்கி உத்தரவாதம். பரிசுத் தொகை டாலரில் பேசப்படும். ரூபாய் மதிப்பு இறங்கினால் தாங்க 5 சதவீதமாவது கூடுதலாக ஒதுக்குங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரரின் பரிசில் 20 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பரிசளிப்பு மேடையில் இதைச் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேதி

மார்ச் முதல் மே வரை வெயில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. நம்பி எழுதக்கூடியது பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை. அப்போது வெளிச்சம் குறைவு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

156 பேர் மூவர் மூவராக ஆடினால் 52 குழு. 1ஆம் டீ, 10ஆம் டீ (டீ என்பது ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடம்) இரண்டிலும் தொடங்கினாலும் ஒவ்வொன்றிலும் காலை 13, மதியம் 13. குழுவுக்கு 11 நிமிட இடைவெளி விட்டு 7 மணிக்குத் தொடங்கினால் காலையின் கடைசிக் குழு 9.12க்குக் கிளம்பும். அவர்கள் ஒன்பது குழி முடித்து மறுபக்கம் வரும்போது 11.30 தாண்டிவிடும். மதிய ஆட்டம் 11.50க்குத் தொடங்கி, கடைசிக் குழு 2.02க்குக் கிளம்பி, ஐந்து மணி நேரம் ஆடினால் இரவு 7.02. சூரியன் ஆறரை வாக்கில் விழுந்துவிடும். முதல் நாள் நிற்கும் ஆட்டம் மறுநாள் காலையைத் தின்னும். இரண்டு சுற்று முடிந்து பின்தங்கியவர்களைக் கழிக்கும் வெட்டு விழவேண்டிய வெள்ளிக்கிழமை சனிக்கிழமை ஆகும். 120 பேர் என்றால் மதிய ஆட்டம் 11.20க்கே தொடங்கி, கடைசிக் குழு 12.59க்குக் கிளம்பி ஆறு மணிக்குள் முடிக்கும். 120 என்றே எழுதுங்கள். பெரிய எண் எழுதினால் விண்ணப்பம் கனமாகத் தெரியும் என்ற ஆசை வேண்டாம். டூர் அதிகாரி இந்தக் கணக்கை இரண்டே நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடுவார்.

தண்ணீரும் புல்லும்

கொங்கு நாட்டில் இந்தப் பகுதிதான் விண்ணப்பத்தின் உயிர். பாசனம் தேவைப்படும் புல் 25 ஹெக்டேர், நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். ஆக நாளுக்கு 12.5 லட்சம் லிட்டர். மணிக்கு 5,000 லிட்டர் தரும் போரைப் பத்து மணி நேரம் ஓட்டினால் 50,000 லிட்டர். அப்படி 25 போர் வேண்டும். ஆயிரம் அடி தோண்டியும் புகை வரும் பாறை மண்ணில் இதை நம்பி எழுதக் கூடாது. அப்படியே கிடைத்தாலும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றினால் ஊரே எதிர்த்து நிற்கும், அதில் நியாயமும் இருக்கும்.

எனவே சுத்திகரித்த கழிவுநீரைக் கேளுங்கள். மாநகராட்சியுடன் அளவும் ஆண்டும் குறிப்பிட்ட ஒப்பந்தம் வேண்டும். ஆற்று நீரோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்கால் நீரோ எடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழியை முதல் பக்கத்திலேயே வையுங்கள். குழாய் உடைந்தால் சமாளிக்க ஐந்து நாள் இருப்பு: 62.5 லட்சம் லிட்டர். இரண்டரை மீட்டர் ஆழத்தில் 62 சென்ட் பரப்பு ஆகும். கரைச் சரிவையும் சேர்த்து 80 சென்ட் ஒதுக்குங்கள். தண்ணீரையும் மண்ணையும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கலாம். உப்பு கூடுதலாக இருந்தால் பாஸ்பாலம் என்ற புல் வகை தாங்கும். சோடியம் கூடுதலாக இருந்தால் கரிசல் மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் துளையிட்டு மணல் போடும் வேலையை நவம்பர் முதல் வாரத்துக்குள் முடியுங்கள். டிசம்பர் குளிரில் பெர்முடா புல் மெதுவாகத்தான் மூடும். தள்ளிப்போட்டால் போட்டியன்று துளைத் தழும்பில் பந்து தத்தும். வெட்டும் உயரம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். வேகத்தை ஸ்டிம்ப்மீட்டரால் அளந்து பதிவேடு வையுங்கள்: 36 அங்குல அலுமினியப் பட்டையிலிருந்து பந்தை உருட்டி அது ஓடும் தூரத்தை அளப்பது, சமதளத்தில் ஒரு பக்கம் மூன்று பந்து, அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் மூன்று பந்து, இரண்டின் சராசரி. இரு பக்கமும் பெரிதும் வேறுபட்டால் அந்த இடம் சமதளம் இல்லை, வேறிடம் பாருங்கள். காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் அளந்த 30 நாள் பதிவு ஒன்று, பளபளப்பான படங்கள் ஐம்பதைவிட மேல்.

கூட்டம், வண்டி, மழை

ஒரு ஏக்கரில் 150 கார் நிற்கும். 5,000 பார்வையாளர், காருக்கு மூவர் என்றால் 11 ஏக்கருக்கு மேல் வேண்டும். சோளம் அறுத்த காடு நல்லது. தென்னந்தோப்பு வேண்டாம், காய் விழுந்தால் கண்ணாடி போகும், ஆள் தலையிலும் விழும். கரிசல் காடு என்றால் நுழைவாயிலிலும் நடுப்பாதையிலும் கிராவல் அடித்தே ஆகவேண்டும், ஒரு தூறலில் சக்கரம் புதைந்துவிடும். 2010இல் வேல்ஸின் கெல்டிக் மேனரில் மழை முதல் நாளிலேயே ஆட்டத்தை நிறுத்த, ரைடர் கோப்பை முதன்முறையாகத் திங்கட்கிழமைக்குப் போனது. நில வாடகை, காவல், பந்தல், ஓட்டல் அறை எல்லாவற்றையும் திங்கள் வரை பேசி வையுங்கள். தோட்டக்காரரிடம் வாய்ப்பேச்சு போதாது. சர்வே எண்ணோடு முத்திரைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

நடத்திக் காட்டிய பிறகு கேளுங்கள்

2018க்கு ஸ்பெயின் மாட்ரிட் பக்கத்தில் இன்னும் கட்டாத களத்தைக் காட்டியது. வென்ற பிரான்ஸ் காட்டிய லே கோல்ஃப் நாசியோனால் 1991 முதல் பிரெஞ்சு ஓபன் நடத்திய களம். அதனால் முதலில் இந்தியத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.டி.ஐ. போட்டி இரண்டு மூன்று ஆண்டு, பிறகு ஆசிய டூருக்கு அடுத்த கீழ்ப்படியான ஆசிய டெவலப்மென்ட் டூர், அப்புறம் ஆசிய டூர் என்று ஏறுங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் என்ன தாமதமானது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

போட்டி போன பின் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதும் கேட்கப்படும். பிரான்ஸ் 100 சிறிய நகர்ப்புறக் களங்கள் என்று எழுதியது. நாம் ஐந்தாறு ஏக்கரில், சராசரி 90 மீட்டர் நீளத்தில் ஆறு குழிக் களம் ஒன்றை எழுதலாம். சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகளுக்கும் (caddie) கட்டணமின்றி. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாகத் தொடங்கியவர். செட்டிபாளையத்துப் பையன்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். எனவே கேடிகளின் கூலி, காப்பீடு, மதியச் சாப்பாடு மூன்றையும் வரவுசெலவில் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஆய்வுக்கு வருபவர்களை, போட்டி கேட்கும் அதே வாரத்தில் ஓராண்டு முன்பே அழையுங்கள். காலைக் குளிரில் அல்ல, மதியம் இரண்டு மணிக்குக் களத்தில் நடக்க வையுங்கள். முதலில் நீர்த்தேக்கம், அடுத்து கார் நிறுத்தும் காடு, கடைசியாக 18ஆம் கிரீன்.