சைட்ல நேர்மையா வேலை பாக்குறது எப்படி? (புது சிவில் இன்ஜினியர்களுக்கு)

சிவில் முடிச்சிட்டு புதுசா சைட்டுக்கு வர்றவங்க நிறைய பேர், நான் லஞ்சம் வாங்க மாட்டேன், அதனால எனக்குப் பிரச்சனை இல்லன்னு நினைக்கிறாங்க. சைட்ல கவர்ல காசு வெச்சு நீட்டுறதெல்லாம் கம்மிங்க, காலைல ஏழு மணிக்கு ஆர்எம்சி (பிளான்ட்ல கலந்து வர்ற ரெடிமிக்ஸ் கான்கிரீட்) லாரி வாசல்ல நிக்கும்போது "சார் இந்த ஒரு தடவ விட்ருங்க"ன்னு மேஸ்திரி கேப்பாரு, பின்னாடியே மேனேஜர் போன் வரும், அங்கதான் எல்லாரும் சறுக்குறது. லாரி வந்தப்புறம் முடியாதுன்னு சொல்ல பெரிய தைரியம் வேணும், முந்தின நாள் சாயங்காலம் சொல்ல ஒரு டார்ச்சும் டேப்பும் இருந்தா போதும்.

அதனால கம்பி செக்கிங்க முந்தின நாளே முடிச்சிருங்க. காலம்னுக்கு 40 மி.மீ., ஸ்லாப்புக்கு சாதாரண இடத்துல 20 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளிய இருக்க வேண்டிய கான்கிரீட் கனம்), டிராயிங்ல வேற போட்டிருந்தா அதுதான் கணக்கு. ஜல்லிய கம்பிக்கு அடியில சொருகிட்டு இதுதான் கவர்னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. கம்பி லோட் வரும்போதே சைஸ்ல சந்தேகம்னா ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்க, மி.மீ.ல இருக்குற விட்டத்த விட்டத்தால பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தன கிலோன்னு வரும், 12 எம்எம் கம்பின்னா கிட்டத்தட்ட 890 கிராம் இருக்கணும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், 800 காட்டுச்சுன்னா அந்த லோட இறக்க விடாதீங்க.

குறை இருந்தா வாயால சொல்லி விட்றாதீங்க, மெசேஜா போடுங்க. சண்ட போடுற மாதிரி வேணாம், இப்படி போட்டா போதும்: "சார், பி பிளாக் ரெண்டாவது மாடி ஸ்லாப்ல எக்ஸ்ட்ரா பார் பாதி கட்டல, பீம்ல கவர் பிளாக் வைக்கல. ராத்திரிக்குள்ள முடிச்சா காலைல கான்கிரீட் போட்டுக்கலாம், இல்லன்னா லாரிய மதியத்துக்கு மாத்திடலாமா?" கூடவே ரெண்டு போட்டோ. முடியாதுன்னு ஒரு வார்த்தை கூட இதுல இல்ல பாருங்க, ஆனா இதப் படிச்சிட்டு "பரவால்ல போட்ரு"ன்னு எழுத்துல பதில் போட எந்த மேனேஜருக்கும் கை வராது.

அடுத்து க்யூப், அதாவது கான்கிரீட் பலத்த டெஸ்ட் பண்ண அச்சுல போட்டு எடுக்குற கட்டி. அதிகமா தில்லுமுல்லு நடக்குறது இங்கதான். கான்கிரீட்டுக்கான இந்திய கோடு ஐஎஸ் 456 படி 16ல இருந்து 30 கன மீட்டர் வரைக்கும் கான்கிரீட் போட்டா 3 சாம்பிள், ஒவ்வொண்ணுக்கும் 3 க்யூப், ஆக 9 வேணும். நடக்குறது என்னன்னா, ஒரு பாண்டுல தனியா சிமெண்ட் அள்ளிப் போட்டு கலந்து க்யூப் போட்டுருவாங்க, ஸ்லாப்புக்குப் போற கலவை வேற, டெஸ்டுக்குப் போற கலவை வேற. லாரில இருந்து கலவை பாதி கொட்டியிருக்கும்போது நீங்களே பக்கத்துல நின்னு எடுங்க, கொஞ்சம் இறுகுனதும் தேதியும் உங்க இனிஷியலும் ஆணியால கீறி விடுங்க, லேபுக்கு போறது அதே க்யூபான்னு பாத்துக்கலாம். இன்னொண்ணு, மாசக்கணக்கா ரிப்போர்ட் எல்லாம் ஒரே மாதிரி அழகா வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, நிஜ க்யூப் கொஞ்சம் ஏறி இறங்கித்தான் உடையும், அப்படி வர்ற நம்பர் மெஷின்ல வந்ததா டேபிள்ல எழுதினதான்னு போய் பாருங்க.

க்யூப் பெயில் ஆனா வேலை போயிடும்னு பயந்து மறைக்கிறாங்க பாருங்க, அது தேவையே இல்ல. அதுக்கு வழி கோடுலயே இருக்கு: போட்ட கான்கிரீட்ல இருந்தே கோர் (உருளையா துளைச்சு எடுக்குற துண்டு) எடுத்து டெஸ்ட் பண்ணலாம், அந்த கிரேடுக்கு வேண்டிய க்யூப் பலத்துல சராசரி 85 சதவீதத்துக்குக் குறையாமலும் எந்தக் கோரும் தனியா 75க்குக் கீழ போகாமலும் இருந்தா ஏத்துக்கலாம். மறைச்சாதான் கேஸ் ஆகும். 2014 ஜூன் 28ல சென்னை மௌலிவாக்கத்துல கட்டிட்டிருந்த 11 மாடி இடிஞ்சு 61 பேர் செத்தாங்க, கைதானவங்கள்ல இன்ஜினியர்களும் இருந்தாங்க. "ஓனர் சொன்னாரு, செஞ்சேன்"ங்கிறது போலீஸ் ஸ்டேஷன்ல எடுபடாதுங்க.

ஆர்எம்சில தண்ணி ஊத்துறது: பம்ப் ஆபரேட்டர் கேப்பாரு, மேஸ்திரியும் கேப்பாரு, ஊத்த விடாதீங்க. கலவை இறுகிப்போச்சுன்னா பிளான்ட்டுக்கு போன் போட்டு அட்மிக்ஸர் (கலவைய இளக வைக்கிற கெமிக்கல்) கேளுங்க, சலான்ல லோட் பண்ண நேரத்தப் பாருங்க, ரெண்டு மணி நேரம் தாண்டியிருந்தா ரிடார்டர் (இறுகுறத தள்ளிப்போடுற கெமிக்கல்) போட்டிருக்காங்களான்னு கேட்டுட்டுதான் இறக்கணும்.

சென்ட்ரிங் பிரிக்கிறதுல அவசரப்படுத்துவாங்க, ஷீட்டும் முட்டும் (கீழ தாங்குற கம்பம்) அடுத்த சைட்டுக்கு வேணும்னு. 4.5 மீட்டருக்கு மேல ஸ்பான் இருந்தா ஸ்லாப் முட்ட 14 நாளைக்குத் தொடக்கூடாது, அவ்ளோதான்.

சப்ளையர் தர்ற தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஆபீஸ்ல எல்லாரும் பாக்க டேபிள்ல வந்தா சாப்பிடுங்க, உங்க வீட்டு அட்ரஸ் கேட்டா குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா அடுத்த லோட்ல எம் சாண்ட்ல தூசி அதிகமா இருக்கும், உங்களால வாயத் திறக்க முடியாது.

எம் புக்ல (முடிச்ச வேலைய அளந்து எழுதுற புக்) கண்ணால பாக்காத வேலைக்குக் கையெழுத்து வேணாம். மண்ணுக்குள்ள போற பவுண்டேஷன், பிசிசி (கம்பி இல்லாத அடி கான்கிரீட்) மாதிரி மூடிட்டா திரும்ப அளக்க முடியாததெல்லாம் மூடுறதுக்கு முன்னாடி டேப் வெச்சு போட்டோ எடுத்து தேதியோட உங்க மெயில்லயும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க, கம்பெனி போன மட்டும் நம்பி இருக்காதீங்க, வேலைய விட்டு வரும்போது அத திருப்பி வாங்கிக்குவாங்க.