மெதுவான இணைப்பில் வீட்டுக் கேமரா: பதிவு வீட்டில், பார்வை மட்டும் வெளியே

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். ஃபைபர் கேபிள் இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. சிம் கார்டு போட்ட 4ஜி ரூட்டர் ஒன்றுதான் வீட்டின் இணையம். அதிலும் நாளொன்றுக்கு உரிய 2 ஜிபி தீர்ந்துவிட்டால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். இதை வைத்துக்கொண்டு வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, மோட்டார் கொட்டகையில் ஒன்று என மூன்று கேமராக்களை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். கோயம்புத்தூரிலிருந்து நினைத்த நேரத்தில் பார்க்கவும் முடிகிறது. முதல் முயற்சி மட்டும் படுதோல்வி. பொருத்த வந்தவர் கேமராக்களை மாட்டி, தம் கைபேசியை எங்கள் வீட்டு வைஃபையில் இணைத்துத் தெள்ளத்தெளிவான படத்தைக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். நான் கோயம்புத்தூர் வந்து செயலியைத் திறந்தபோது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் அன்றைய 2 ஜிபியும் காலியாகியிருந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகத் திருத்திய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் பதிவேற்ற வேகத்தை, அதாவது அப்லோட் வேகத்தை, அளந்துகொள்ளுங்கள். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். கேமராவோ வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் கருவி. அதற்கு வேண்டியது பதிவேற்றம், அதுதான் பெரும்பாலான இணைப்புகளில் நோஞ்சானாக இருக்கும். பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்புகளில் அது 1 எம்பிபிஎஸ் அளவைத் தாண்டுவதே அரிது. ஒரு முறை அளந்தாலும் போதாது. காலை, நண்பகல், இரவு எட்டு மணி என மூன்று வேளையும், இரண்டு மூன்று நாட்களுக்கு, கேமரா இருக்கப்போகும் அதே வீட்டில் அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் பதிவேற்றம் காலையில் 1.8 எம்பிபிஎஸ் இருந்தது. ஊரே சீரியலும் யூடியூபும் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு 0.4 எம்பிபிஎஸ், அதாவது 400 கேபிபிஎஸ் ஆகிவிட்டது. இதில் மிகக் குறைந்த எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதியை மட்டும் கேமராவுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பங்கு 200 கேபிபிஎஸ் என்று முடிவானது அப்படித்தான்.

பாதி எதற்கு என்று கேட்கலாம். பதிவேற்றப் பாதை நிரம்பி வழிந்தால் பதிவிறக்கமும் சேர்ந்து படுத்துவிடும், ஏனென்றால் கைபேசிக்கு ஒரு தரவு வந்து சேர்ந்தால் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புதல் செய்தி அதே குறுகிய பாதையில்தான் திரும்பிப் போக வேண்டும். கேமரா அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றால், ஒப்புதல் போகாமல் அடுத்த தரவும் வராது. ‘கேமரா மாட்டியதிலிருந்து செய்தி பார்க்க முடியவில்லை’ என்று அப்பா சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இனி அளவுக் கணக்கு. வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், சேமிப்பைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 1 எம்பிபிஎஸ் வீதம், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் பிட், இடைவிடாமல் அனுப்பும் கேமரா, மணிக்கு 450 எம்பியும் நாளொன்றுக்கு 10.8 ஜிபியும் செலவழிக்கும். நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும் வீட்டில் ஒரே ஒரு கேமராவின் முழுநாள் பதிவைக்கூட வெளியே அனுப்ப வழியில்லை என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்துவிடும். எனவே கிளவுட் சேமிப்பை, அதாவது பதிவை இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவைக்கும் வசதியை, முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் ஒரு மாத இலவசச் சலுகையாக அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். எங்கள் 2 ஜிபியை மதியத்துக்குள் குடித்தது அதுதான்.

பதிவு முழுவதும் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒரே கேமரா என்றால் அதிலுள்ள மெமரி கார்டு போதும். 1080பி தரத்தில் 1 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தால் 128 ஜிபி கார்டில் ஏறத்தாழ 11 நாள் பதிவு நிற்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். இரவும் பகலும் எழுதி அழிக்கும் வேலைக்குச் சாதாரண கார்டு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று குறிப்பிட்டு விற்கும் வகையைப் பில்லோடு வாங்கி, கேமராவுக்குள் போட்டு அங்கேயே ஃபார்மட் செய்யுங்கள். இரண்டு, மூன்று கேமராக்கள் என்றால் என்விஆர் என்னும் பதிவுப் பெட்டிதான் முறை. மூன்று கேமராவுக்கு நாளொன்றுக்கு 32 ஜிபி சொச்சம் ஆகும். 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஒரு மாதம் தாங்கும். கார்டைத் திருடன் கேமராவோடு பிடுங்கிக்கொண்டு போகலாம், பீரோ அறையில் இருக்கும் பெட்டி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது என்பதும் ஒரு வசதி.

வாங்கும்போது பெட்டியில் ஓஎன்விஐஎஃப், ஆர்டிஎஸ்பி ஆகிய இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்வதற்கான பொது மொழிகள் இவை. இவை இருந்தால் பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் என்விஆரோடும் கேமரா ஒத்துப்போகும். இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் செயலி வைத்ததே சட்டம். மலிவான கேமராக்கள் பலவற்றில் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் அனுப்புவது என்பதை, மாற்றும் வசதியே கிடையாது, ‘எச்டி’, ‘எஸ்டி’ என்று இரண்டு பொத்தான்கள்தான் இருக்கும். மெதுவான இணைப்புக்காரர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, இந்த வேலையின் உயிர்நாடி. நல்ல கேமரா ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளைத் தரும். மெயின் ஸ்ட்ரீம் என்பது பதிவுக்கு. சப் ஸ்ட்ரீம் என்பது தொலைவிலிருந்து பார்க்க. மெயின் ஸ்ட்ரீமை 1080பி, நொடிக்கு 15 ஃப்ரேம், எச்.265 குறியீடு, 1 எம்பிபிஎஸ் உச்சவரம்பு என்று வையுங்கள். எச்.264, எச்.265 இரண்டும் காணொளியைச் சுருக்கும் முறைகள். எச்.265 ஏறத்தாழ அதே தரத்தை எச்.264 எடுக்கும் இடத்தில் பாதிக்குள் அடக்கிவிடும். இந்த ஓடை வீட்டுக்குள்ளேயே ஓடுவதால் இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சப் ஸ்ட்ரீமில்தான் கஞ்சத்தனம் வேண்டும்: 640க்கு 360 அளவு, நொடிக்கு 8 ஃப்ரேம், பிட்ரேட் ஏறி இறங்காதபடி சிபிஆர் முறை, 192 கேபிபிஎஸ். பழைய கைபேசிகளில் திறக்க வேண்டுமானால் இதற்கு மட்டும் எச்.264 வையுங்கள். ஐ-ஃப்ரேம் இடைவெளி என்று ஓர் எண் கேட்கும். முழுப்படம் எத்தனை ஃப்ரேமுக்கு ஒரு முறை வர வேண்டும் என்பதே அதன் பொருள். நொடிக்கு 8 ஃப்ரேம் என்றால் 16 முதல் 32 வரை கொடுக்கலாம். இதைக் கூட்டக் கூட்ட அதே பிட்ரேட்டில் படம் தெளிவாகும், ஆனால் செயலியைத் திறந்ததும் முதல் படம் வருவதற்குக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

இந்த அமைப்பில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்தாலும் 86 எம்பிதான் ஆகும். வாசலில் நிற்பவர் அம்மாவா, பால்காரரா, அறியாதவரா என்று தெரிந்துகொள்ள அந்தப் படம் போதும். முகம் தெளிவாக வேண்டும் என்றால் அது என்விஆரில் 1080பி தரத்தில் பதிவாகியிருக்கிறது.

ஒலியை மறந்துவிடாதீர்கள். கேமராக்களில் பரவலாக இருக்கும் ஜி.711 என்ற ஒலிக் குறியீடு தனியாக 64 கேபிபிஎஸ் எடுக்கும். எங்கள் 200இல் மூன்றில் ஒரு பங்கு சத்தத்துக்கே போய்விடும். ஆகவே சப் ஸ்ட்ரீமில் ஒலியை அணைத்துவிட்டேன். ஒலி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஏஏசி வகை இருந்தால் அதைத் தேர்ந்துகொண்டு, படத்தின் பிட்ரேட்டை 128 அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கைச் செய்திகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அசைவு தெரிந்ததும் 10 நொடிக் காணொளியை அனுப்பும்படி வைத்தால், 1 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்த அந்தத் துண்டு 400 கேபிபிஎஸ் பாதையில் வெளியேற 25 நொடி ஆகும். அதற்குள் வந்தவன் மதிலேறிக் குதித்திருப்பான். 50 கேபி அளவுள்ள ஒரு நிழற்படமோ ஒரே நொடியில் வந்து சேரும், நாள் ஒதுக்கீடு தீர்ந்து 64 கேபிபிஎஸ் ஆன நேரத்திலும் ஆறேழு நொடிக்குள் வந்துவிடும். எனவே எச்சரிக்கை எப்போதும் நிழற்படமாகவே வரட்டும்.

அந்த எச்சரிக்கை தேவையில்லாமல் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கெல்லாம் கைபேசி அலறியது. பதறி எழுந்து பார்த்தால் காற்றில் ஆடும் தென்னை மட்டை. மட்டை தெரியும் மேற்பகுதியை விட்டுவிட்டு, கேட்டையும் நடைபாதையையும் மட்டும் கண்டறியும் பகுதியாக விரலால் வரைந்துகொடுத்தேன். மனிதர்களை மட்டும் கண்டறியும் ‘ஹியூமன் டிடெக்ஷன்’ கேமராவுக்குள்ளேயே இயங்கும் வகையாக இருந்ததால் அதையும் போட்டேன். பூனைக்கும் நாய்க்கும் மணி அடிப்பது நின்றது. பிறகு மழை பெய்த ஓர் இரவில் ஈசல் கிளம்பியது. கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்கு முன்னால் அவை வெள்ளை வெள்ளையாகப் பறந்ததில் பதிவின் அளவும் எகிறியது, எச்சரிக்கையும் ஐம்பதைத் தாண்டியது. கேமராவிலிருந்து ஆறடி தள்ளி வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பைப் போட்டு, கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்த பிறகு பூச்சிகள் பல்பிடம் போய்விட்டன, படத்தின் புள்ளிச் சலனமும் குறைந்தது. சிலந்திக்குக் கேமராவின் மூக்கு நுனியில் வலை பின்னுவதில் தனி விருப்பம் போலிருக்கிறது. மாதம் ஒரு முறை அம்மா ஒட்டடைக் குச்சியால் தட்டிவிடுகிறார்.

வைஃபை வேறு, இணையம் வேறு. கைபேசியில் வைஃபை கோடுகள் நிறைந்திருப்பது ரூட்டருக்கும் கைபேசிக்கும் உள்ள உறவைத்தான் காட்டும். ரூட்டருக்கும் கோபுரத்துக்கும் உள்ள உறவு அதில் தெரியாது. அதைப் பார்க்க ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 80, 90 என்றிருந்தால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டினால் பலவீனம். டிவிக்குப் பின்னால் இருந்த ரூட்டரை மாடி ஜன்னலுக்கு மாற்றியதிலேயே எங்களுக்கு மைனஸ் 112 என்பது மைனஸ் 97 ஆனது, ஒரு காசு செலவில்லை. வாசல், கொல்லைக் கேமராக்களுக்குக் கேட்-6 கேபிளை இழுத்து, அதிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ முறையைப் பயன்படுத்தினோம். 100 மீட்டர் வரை இது செல்லும். கொட்டகைக் கேமரா மட்டும் வைஃபையில் இருக்கிறது. இத்தகைய கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் இணைக்கும்போது குழப்பம் வராது.

4ஜி இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது இணைய முகவரி (ஐபி) பெரும்பாலும் கிடைக்காது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ஆகவே வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் நேராகக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கைச் செய்யச் சொல்லும் பழைய வழிமுறைகள் இங்கே பலிக்காது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கும் பிடுபி முறையையோ, கைபேசிக்கும் வீட்டுக்கும் இடையே பூட்டிய தனிப்பாதை போட்டுத்தரும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னையோ பயன்படுத்துங்கள். பொது முகவரி உள்ளவர்களும் போர்ட்டைத் திறந்துவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் ஒரு படையே திரட்டியது; அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித்தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. கேமரா, என்விஆர், ரூட்டர் மூன்றுக்கும் வெவ்வேறு நீளமான கடவுச்சொற்களை வைத்து, நோட்டில் எழுதி வீட்டிலேயே வையுங்கள்.

மின்சாரம் போனால் கேமரா இருந்தும் பயனில்லை. ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் போதும். என்விஆரையும் பிஓஇ சுவிட்சையும் வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். நேர மண்டலத்தை ஜிஎம்டி கூட்டல் 5:30 என்று வைத்து, கேமராக்கள் நேரத்தை என்விஆரிடமிருந்து பெறும்படி அமையுங்கள். கடிகாரம் தவறிய பதிவைக் காவல் நிலையத்தில் காட்டினால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாகச் சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு பார்த்தால் படம் இணையத்துக்கே போகாமல் நேராகக் கைபேசிக்கு வந்துவிடும். பொருத்தியவர் காட்டிய தெளிவின் மர்மம் அதுதான். கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, முடிந்தால் வெளியூரில் இருக்கும் ஒருவரைக்கொண்டு, இரவு எட்டு மணிக்குத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்து நொடிக்குள் படம் வந்து ஐந்து நிமிடம் அறாமல் ஓடினால் சரி. இல்லாவிட்டால் சப் ஸ்ட்ரீமை 128க்கு இறக்கி மறுபடி பாருங்கள். பழைய பதிவைத் தொலைவிலிருந்து இறக்க முயல வேண்டாம், ஐந்து நிமிடத் துண்டுக்கே 37 எம்பி ஆகும். பென் டிரைவைச் செருகி என்விஆரிலிருந்து பதிவை எடுப்பது எப்படி என்று வீட்டில் உள்ள ஒருவருக்குக் கைப்படக் காட்டிக்கொடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. போன மாதம் தேங்காய் எண்ணிக்கை குறைந்தபோது, யார் வண்டியில் ஏறியது என்பதை எனக்கு முன்பே அவர்தான் எடுத்துப் பார்த்திருந்தார்.