ஒரே டிரைவர், எல்லாச் செயலிகளுக்கும்: பஸ் டிரைவரிலிருந்து செயலி சார்ந்த நிரலைப் பிரித்தெடுக்கும் முறை

ஏற்காட்டில் நண்பர் ஒருவருடைய காபித் தோட்டத்தில், மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் பதிவுசெய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் (கணினியோடு அட்டைகளை இணைக்கும் தடம், அதாவது பஸ்) அட்டைக்கான லினக்ஸ் டிரைவரை (அட்டையை இயக்கும் நிரலை) சேலத்தில் என் வீட்டுக் கணினியில், அதாவது எக்ஸ்86 செயலியில் (பிராசசரில்), எழுதி மூன்று மாதம் ஓடவிட்டுப் பார்த்தேன்; ஒரு பிழையும் தென்படவில்லை. அதே அட்டையை ஆர்ம் செயலி கொண்ட பலகையில் பொருத்தி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே கொண்டுபோய் வைத்தபோது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, திரையில் மழையளவு அசையாமல் நின்றது. அட்டை நினைவகத்தில் சரியாகவே எழுதியது. செயலிதான் தன் கேச்சில் (அண்மையில் படித்ததை வைத்திருக்கும் சிறு நினைவகத்தில்) தங்கிவிட்ட பழைய பைட்டுகளையே படித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்86 கணினி வன்பொருளிலேயே செய்துகொடுக்கும் வேலையை, அதாவது கேச்சை நினைவகத்தோடு ஒத்துப்போக வைப்பதை, எல்லாக் கணினிகளும் செய்யும் என்று என் டிரைவர் நம்பியிருந்ததே காரணம்.

டிரைவருக்குத் தெரிய வேண்டியது சாதனத்தைப் பற்றி மட்டுமே. செயலியைப் பற்றிய அறிவு கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) பொது அடுக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதை டிரைவரிலும் எழுதி வைப்பதுதான் தொல்லை. அதை நீக்கும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: தேடுதல்

எதையும் மாற்றும் முன் கிரெப் கட்டளையால் நான்கு வகை வரிகளைத் தேடுங்கள்: ‘ஏஎஸ்எம்’ கோப்புறையிலிருந்து நேரடியாகச் சேர்க்கப்பட்ட தலைப்புக் கோப்புகள், செயலியின் பெயர் கொண்ட ‘இஃப்டெஃப்’ நிபந்தனைகள், ‘இன்பி’, ‘அவுட்பி’ போன்ற போர்ட் அழைப்புகள், ‘விர்ட்_டு_ஃபிஸ்’ போன்ற முகவரி மாற்றங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது சாதனத்தைப் பற்றியதா, செயலியைப் பற்றியதா’ என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் டிரைவரில் அகப்பட்ட பதினொரு வரிகளில் ஒன்பது செயலியைப் பற்றியவை.

இரண்டாம் படி: ரெஜிஸ்டர்கள்

சாதனத்தின் ரெஜிஸ்டரை (அதைக் கட்டுப்படுத்தும் சிறு சேமிப்பிடத்தை) ‘ஐஓரீமேப்’ மூலம் இணைத்துக்கொண்ட பிறகு, சுட்டியை வைத்து நேரடியாகப் படிக்கக் கூடாது. ‘ரீட்எல்’, ‘ரைட்எல்’ வழியாகவே படிக்கவும் எழுதவும் வேண்டும். பிசிஐ சாதனம் சிறிய பைட்டை முதலில் வைக்கும் வரிசையைப் பின்பற்றுவதால், 12345678 என்ற பதினாறடிமான மதிப்பு அதன் ரெஜிஸ்டரில் 78, 56, 34, 12 என்று கிடக்கும். பெரிய பைட்டை முதலில் வைக்கும் செயலி இதை நேரடியாகப் படித்தால் 78563412 என்று வரும். ‘ரீட்எல்’ அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். டிஎம்ஏ (செயலியின் இடையீடின்றிச் சாதனமே நினைவகத்தைத் தொடும் முறை) நினைவகத்தில் எழுதியது சாதனத்துக்குத் தெரிந்த பிறகே ‘தொடங்கு’ என்ற கட்டளை போய்ச் சேர வேண்டும் என்ற வரிசையையும் ‘ரைட்எல்’ காக்கிறது. ‘ரிலாக்ஸ்டு’ என்று முடியும் வடிவங்களில் இந்தக் காவல் இல்லை. தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள். போர்ட்டாகவும் நினைவகமாகவும் இருக்கக்கூடிய பகுதிக்கு ‘பிசிஐ_ஐஓமேப்’, ‘ஐஓரீட்32’ போதும்.

மூன்றாம் படி: டிஎம்ஏ

என்னைத் தடுக்கி விழவைத்த இடம் இதுதான். ‘விர்ட்_டு_ஃபிஸ்’ தரும் முகவரி செயலியின் பார்வையில் உள்ள முகவரி. இடையில் ஐஓஎம்எம்யூ (சாதனத்துக்கான முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இருந்தால் சாதனம் காணும் முகவரி வேறாகிவிடும். ஆகவே ‘டிஎம்ஏ_மேப்_சிங்கிள்’ அழைப்புக்குச் சாதனம், இடையகம் (பஃபர்), நீளம், தரவு செல்லும் திசை ஆகிய நான்கையும் கொடுத்து, அது தரும் முகவரியை ‘டிஎம்ஏ_மேப்பிங்_எரர்’ கொண்டு சோதித்த பிறகே அட்டைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே இடையகத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தினால், படிக்கும் முன் ‘டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியு’, திரும்பச் சாதனத்திடம் ஒப்படைக்கும் முன் ‘ஃபார்_டிவைஸ்’ என்று முடியும் அதன் இணை ஆகியவற்றை அழைக்க வேண்டும். எக்ஸ்86 கணினியில் இவற்றுக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. கேச் ஒத்திசைவு இல்லாத ஆர்ம் பலகையில் இவைதான் கேச்சைச் சுத்தம் செய்கின்றன. திசையைத் தவறாகக் கொடுத்தால் பழைய பிழையே திரும்பி வரும். இரு தரப்பும் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டளை வரிசைக்கு ‘டிஎம்ஏ_அலாக்_கோஹரன்ட்’ பொருத்தமானது. அட்டையால் எத்தனை பிட் முகவரியைக் கையாள முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே ‘டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹரன்ட்’ வழியாகச் சொல்லிவிடுங்கள். அது சாதனத்தைப் பற்றிய செய்தி, டிரைவரில் இருக்க வேண்டியதுதான்.

நான்காம் படி: பஸ் கட்டுப்படுத்தி

நீங்கள் எழுதுவது அட்டையின் டிரைவராக இல்லாமல் பிசிஐ பஸ்ஸையே நடத்தும் டிரைவராக இருந்தால் இந்தப் படி உங்களுக்கானது. எக்ஸ்86 கணினியில் பழைய முறையில், சாதனத்தின் அமைவுத் தகவலை (கான்ஃபிக்) எடுக்க சிஎஃப்8 போர்ட்டில் முகவரியை எழுதி சிஎஃப்சி போர்ட்டில் தரவைப் பெறுவார்கள். ஆர்ம் செயலியில் போர்ட் கட்டளையே கிடையாது. ஈகாம் என்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் ஒவ்வொரு செயற்பாட்டு அலகுக்கும் 4096 பைட் ஒதுக்கப்பட்டு, எல்லாம் நினைவக முகவரியாகவே கிடைக்கும். பஸ் 1, சாதனம் 2, அலகு 0, இடம் 16 என்றால், பஸ்ஸை 20 பிட்டும் சாதனத்தை 15 பிட்டும் அலகை 12 பிட்டும் இடப்பக்கம் நகர்த்திக் கூட்ட வேண்டும்: 1048576 + 65536 + 0 + 16 = 1114128. தொடக்க முகவரியோடு இதைச் சேர்த்தால் அந்தச் சாதனத்தின் முதல் பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர் கிடைக்கும்.

2015-இல் வந்த லினக்ஸ் 4.0 பதிப்பில் ‘பிசிஐ_ஜெனரிக்_கான்ஃபிக்_ரீட்’ என்ற பொது வாசிப்பானும் அதற்குரிய எழுதியும் சேர்ந்தன. அன்றிலிருந்து கட்டுப்படுத்தியின் டிரைவர் இந்த முகவரியைத் திருப்பித் தரும் ‘மேப்_பஸ்’ செயற்கூற்றை மட்டும் எழுதினால் போதும். 32 பிட்டாக மட்டுமே படிக்க முடிந்த வன்பொருளுக்கும் தனி வடிவம் உண்டு. பழைய 32 பிட் ஆர்ம் டிரைவர்களில் காணப்படும் ‘எச்டபிள்யூ_பிசிஐ’, ‘பிசிஐ_சிஸ்_டேட்டா’ ஆகியவற்றை நீக்கி, ‘பிசிஐ_ஹோஸ்ட்_புரோப்’ அழைப்புக்கு மாறுங்கள். கட்டுப்படுத்தி முறையான ஈகாமாகவே இருந்தால் டிரைவரே எழுத வேண்டாம்; டிவைஸ் ட்ரீயில் (பலகையிலுள்ள வன்பொருளை விவரிக்கும் பட்டியலில்) பொது ஈகாம் பெயரைக் குறித்தால் கர்னலில் இருக்கும் பொது டிரைவர் ஏற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: சோதனை

கேகான்ஃபிக் கோப்பில் (கர்னலில் எதைச் சேர்க்கலாம் என்று குறிக்கும் கோப்பு) ஆர்மை மட்டும் சார்ந்திருந்த வரியைத் தளர்த்தி, அதனோடு ‘கம்பைல்_டெஸ்ட்’ என்ற மாற்றையும் சேருங்கள். பிறகு ஆர்ம்64, பவர்பிசி இரண்டுக்கும் கம்பைல் செய்து, நிரலைப் படித்தே பிழை தேடும் ஸ்பார்ஸ் கருவியையும் ஓட்டுங்கள். ரெஜிஸ்டர் சுட்டியை நேரடியாகத் தொட்ட இடத்தையும், வகை குறித்து வைத்திருந்தால் பைட் வரிசை கலந்த இடத்தையும் அது காட்டிக்கொடுக்கும். டிஎம்ஏ பிழைகள் கம்பைலரிடம் சிக்காதவை. அவற்றுக்கு ‘டிஎம்ஏ_ஏபிஐ_டீபக்’ விருப்பத்தோடு கர்னலைக் கட்டி ஓட்டினால், மேப்பிங் பிழையைச் சோதிக்காத இடமும், தவறான திசையில் விடுவித்த இடமும் கர்னல் பதிவில் வரிவரியாக வரும். இதற்கு மலை ஏறத் தேவையில்லை. வீட்டு எக்ஸ்86 கணினியிலேயே செய்யலாம்.