உவர்ச் சதுப்பை நடந்து படிப்பது எப்படி

உவர்ச் சதுப்பு என்பது கடல்நீர் ஏறி வற்றும் கரையோரத்தில் உப்பைத் தாங்கும் செடிகள் வளரும் சேற்று நிலம். அதைப் புரிந்துகொள்ளக் காலில் சேறு ஒட்ட வேண்டும். புதிதாக யாரை அழைத்துப் போனாலும் கரையிலிருந்து கடலை நோக்கித்தான் நடத்திச் செல்வேன். பொதுவாகக் கரையோரம் இருப்பது பழைய தரை, கடலோரம் இருப்பது இப்போதுதான் தலை தூக்கும் தரை. அதனால் நடக்க நடக்க, சதுப்பு வளர்ந்த கதையைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கிளம்புமுன் வீட்டில் ஒரு சோதனை. இரண்டு கண்ணாடி பாட்டில்களில் நல்ல தண்ணீர் பிடித்து, இரண்டிலும் ஒரு ஸ்பூன் களிமண்ணைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி வையுங்கள். உப்பு போட்டதில் களி திரிதிரியாகத் திரண்டு சீக்கிரம் அடியில் இறங்கும். மற்றது நெடுநேரம் கலங்கலாகவே நிற்கும். களித் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்; உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிடுகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வண்டல் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே பெரிய அலை அடிக்காத ஒதுக்குப்புறமும் சரிவு குறைந்த தரையும் வேண்டும்.

சரி, இறங்கலாம். ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலைப் பார்த்து, கடல் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்குங்கள். வற்றி முடிந்ததும் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கடல் பக்கமிருந்து கண்ணெதிரே ஏறி வரும் என்று நினைக்காதீர்கள். அது ஓடைகள் வழியாக முதுகுப்பக்கம் முதலில் ஏறும். ஒரு தடவை நான் குனிந்து ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, சற்றுமுன் தாண்டி வந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அன்றிலிருந்து தனியாகப் போவதில்லை.

நடக்கும்போது செடிகளைவிடத் தரையின் உயரத்தைக் கவனியுங்கள். எனக்கு இது பிடிபட வெகுநாள் ஆனது. ஒரு சாண் உயரம் மாறினால் செடி மாறிவிடும். மேட்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் மட்டுமே ஏறும். பல இனச் செடிகள் கலந்து நிற்கும். கீழே போகப் போக நீரில் மூழ்கும் நேரம் கூடி, தாங்கக்கூடிய செடிகள் குறையும். கடைசியில் ஸ்பார்டினா புல்லோ, உமரி என்னும் சதைப்பற்றுள்ள சிறு செடியோ மட்டும் மிஞ்சும், அதற்கப்பால் வெறும் சேறு. வெப்பக் கடற்கரைகளில் இந்த முன்வரிசையை அலையாத்தி மரங்கள் எடுத்துக்கொள்ளும். உவர்ச் சதுப்பு பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும்.

அந்த வெறும் சேற்றருகே உட்காருங்கள். மேலே பழுப்புப் பொன்னிறத்தில் மெல்லிய பளபளப்பு தெரியும். அவை டயட்டம் என்னும் நுண்பாசிகள். பிசின்போல ஒன்றைச் சுரந்து சேற்றை ஒட்டவைக்கின்றன. அப்படி நிலைத்த சேற்றில்தான் முதல் உமரி விதை வேர் பிடிக்கும். தண்டுகள் நெருங்கியதும் தண்ணீரின் வேகம் குறையும், வண்டல் இன்னும் படியும், தரை உயரும். உயர்ந்தால் ஓதம் ஏறும் நேரம் குறைந்து, படிவதும் குறையும். கடல்மட்டம் கூடினால் மூழ்கும் நேரம் கூடி, மறுபடி அதிகம் படியும். தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் இப்படிப்பட்ட தரையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அதற்கு வண்டல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆற்றின் மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சுவர் எழுந்து கரைப்பக்கம் நகர இடமில்லாமல் போனால் சதுப்பு கடலுக்கும் சுவருக்கும் நடுவில் நெரிந்து அழியும். இரண்டும் நாம் செய்வதுதான்.

அடுத்து ஓடையின் அரித்த கரை. தோண்ட வேண்டாம், வெட்டுமுகம் தானாகவே திறந்திருக்கும். மேலே பழுப்பு, கீழே கரும்சாம்பல். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. வேர்களைச் சுற்றி மட்டும் துருச்சிவப்பு வளையம் தெரியும், வேர் கீழே கொண்டுபோகும் ஆக்சிஜன் கசிந்த தடம். ஆக்சிஜன் இல்லாததால் செத்த வேரும் இலையும் மெதுவாகத்தான் மக்கும். அவற்றின் கார்பன் நூற்றாண்டுக்கணக்கில் புதைந்து கிடக்கும். கிளறிய இடத்தை மூடிவிடுங்கள்.

அலையைச் சதுப்பு தடுக்குமா என்று கேட்பவர்களிடம் 2014-இல் வெளியான ஆய்வைச் சொல்வேன். ஜெர்மனியின் ஹானோவரில் சுமார் 300 மீட்டர் நீள அலைத்தொட்டியில் உண்மையான சதுப்பையே பெயர்த்து வைத்து, புயல் அலைகளை விட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 மீட்டர் அகலச் சதுப்பைக் கடக்கும்போது அலை தணிந்ததில் 60 சதவீதம் வரை செடிகளின் பங்கு. தண்டுகள் முறிந்தபோதும் அடித்தரை பெயரவில்லை.

அப்புறம் ஒரு நீண்ட வேலை. நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்கி, பறவைகள் கூடு கட்டும் காலம் தவிர்த்து, பீங்கான் செய்வோர் பயன்படுத்தும் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் தூளை அரை மீட்டர் சதுரத்தில், விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு வருடம் கழித்து வந்து, கத்தியால் சிறு துண்டு வெட்டி எடுத்து, வெள்ளைக் கோட்டுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் சேறு ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். உலகக் கடல்மட்டம் இப்போது சராசரியாக வருடத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. உங்கள் அளவை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போங்கள்.