கச்சான் காலத்தில் சபை நடத்துவது எப்படி

மே மாதம் பிறந்து கச்சான் காற்று தொடங்கியதும் எங்கள் பப்டிஸ்ட் சபையில் முதலில் காணாமல் போவது இளைஞர்கள்தான். பின்வாங்கிப் போய்விட்டார்கள் என்று யாரும் உபவாச ஜெபம் வைக்கத் தேவையில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்களில் தட்டு ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள், இல்லாவிட்டால் புறாமலைக்கு வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வேறு ஊர்களில் கோடை என்றால் ஓய்வு. திருகோணமலையில் கடல் அடங்கிக் கிடப்பதே இந்த மாதங்களில்தான் என்பதால் மீன்பிடி, கரைவலை, படகு, ஹோட்டல் எல்லாம் ஒன்றாக ஓடும். அதனால் கோடை நிகழ்ச்சிகளைத் திட்டமிட உட்காரும்போது முதலில் எழுத வேண்டியது பாட்டுப் பட்டியல் அல்ல, யாருக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு வேலை என்பது. ஒரு கொப்பியை எடுத்து வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஐம்பது பேர் வந்தால் வாங்கு நிரம்பிவிடும் சின்னச் சபை எங்களுடையது, அதற்கே இரண்டு பின்னேரம் போதுமாக இருந்தது.

கேட்டுப் பார்த்தால் ஒன்று தெரியவரும்: ஹோட்டல் பிள்ளைகளுக்கு ஞாயிறு கிடைக்கவே கிடைக்காது, வார நாளில் ஒன்று கிடைக்கும். நாங்கள் திங்கள் இரவு ஏழரைக்கு ஒரு சிறிய ஆராதனை தொடங்கினோம், பிரசங்கம் ஞாயிறு சொன்னதேதான், ஆள் பன்னிரண்டு, சாப்பாடு உண்டு. "ஞாயிறு வராதவனுக்குச் சாப்பாடுமா?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அவருக்குப் போதகர் ஐயா பதில் சொல்லவில்லை, அடுத்த திங்கள் அவரையே புட்டு அவிக்க வைத்தார். இப்போது அவர்தான் முதல் ஆளாக வருகிறார்.

ஞாயிறு ஆராதனையைக் காலை ஆறே முக்காலுக்கு மாற்றுங்கள். ஒன்பது மணி ஆராதனை மழைக்காலத்துக்குச் சரி. ஜூன், ஜூலையில் பகல் 34, 35 பாகை போகும் ஊரில் ஒன்பதரைக்குப் பிரசங்கம் தொடங்கினால் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நரகத்தைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிரசங்கம் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பவுல் நடுஇரவு வரை பேசியதில் யன்னலில் இருந்து தூங்கி விழுந்த ஐத்திகுவின் கதையைப் போதகருக்கு மெதுவாக நினைவூட்டலாம். ஆனால் எல்லார் முன்னாலும் வேண்டாம், நான் ஒருமுறை சபைக் கூட்டத்தில் சொல்லிப் பட்டது போதும்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சபைகளும் காசைக் கொட்டுவது மின்விசிறியில். கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வருகிற காற்று, அதில் ஈரம் கிடையாது. (சின்னப் பிள்ளைகளிடம் "கச்சான் வந்துட்டுது" என்று சொல்லாதீர்கள், வறுத்த கச்சான் கடலை எங்கே என்று கையை நீட்டுவார்கள்.) அந்தக் காய்ந்த காற்றையே நமக்கு வேலை செய்ய வைக்கலாம். காலை எட்டரை வரை எல்லா யன்னலையும் திறந்து விடுங்கள், அதற்குப் பிறகு மேற்குப் பக்க யன்னல்களில் நனைத்துப் பிழிந்த சாக்கைத் தொங்க விடுங்கள், உள்ளே வருகிற காற்று குளிர்ந்து வரும். சாக்கு அரை மணிக்குள் காய்ந்துவிடும், அதனால் ஒரு வாளியும் ஒரு பையனும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

கூரைக்குக் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை. சீற்றுக்கு மேலே இரண்டு அடுக்குக் கிடுகு பரப்பினால் உள்ளே சூடு குறைவதை உட்கார்ந்தவுடனேயே உணரலாம். ஆனால் சும்மா பரப்பினால் முதல் கச்சானிலேயே பாதி பக்கத்து வளவில் கிடக்கும், பிறகு கோழிக்கூட்டின் மேல் விழுந்த கிடுகுக்கு நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய கரைவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்து, ஓரங்களில் மணல் நிரப்பிய போத்தல்களைக் கட்டித் தொங்க விடுங்கள். வலையை யாரிடம் கேட்பது என்று பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, காய்ந்த கிடுகும் கச்சானும் அடுப்பும் ஒன்றாகச் சேரவே கூடாது. சாப்பாடு சமைப்பதானால் அடுப்பைக் கட்டடத்துக்குக் கிழக்கே, காற்று வெளியே தள்ளுகிற பக்கத்தில் மூட்டுங்கள், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர்.

காற்றுக்குக் காணிக்கைத் தட்டும் பிடிக்காது. தட்டை விட்டுவிட்டு வாய் குறுகிய துணிப் பைக்கு மாறுங்கள். எங்கள் சபையில் ஒரு ஆயிரம் ரூபாய்த் தாள் தட்டிலிருந்து எழும்பி, யன்னலால் வெளியே போய், முற்றத்தில் நின்ற மானின் காலடியில் விழுந்தது. மான் அதை முகர்ந்து பார்த்த அந்த ஒரு நிமிடம் சபை முழுவதும் ஜெபித்ததுபோல வேறு எப்போதும் ஜெபித்ததில்லை. டவுணுக்குள் மான் சுற்றுவது நமக்குப் புதிதல்ல, கோட்டைப் பக்கம் போனால் கூட்டமாக நிற்கும், வறட்சியில் தண்ணீர் தேடி வளவுக்குள்ளும் வரும். ஒரு பேசினில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மட்டும் வெளியே விடாதீர்கள், அதைத் தின்று மான்கள் சாவது இங்கே பழைய கவலை.

திருவிருந்து நாளில் கவனம் எறும்பில். நாங்கள் முந்திரிகை வற்றலைச் சனி இரவு அவித்துப் பிழிந்து வைக்கிறோம், சூட்டில் காலைக்குள் புளித்துவிடும், எனவே ஐஸ் பெட்டி கட்டாயம். சின்னக் கிண்ணங்களில் முன்கூட்டியே ஊற்றி வைக்காதீர்கள். ஊற்றிய தட்டை, குசினியில் சீனிப் பேணிக்குச் செய்வதுபோல, தண்ணீர் விட்ட அகலமான தட்டுக்குள் வைத்து வெள்ளைத் துணியால் மூடுங்கள், துணியின் ஓரம் வெளியே தொங்கக் கூடாது, எறும்புக்கு அதுவே பாலம்.

இனி கோடையின் பெரிய நாள், கடலில் ஞானஸ்நானம். எங்களைப் போன்ற சபைகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, தேவனுக்கென்று ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை மட்டும்தான். ஒருவர் தானாக விசுவாசித்து அறிக்கை செய்த பிறகு முழுவதுமாகத் தண்ணீரில் மூழ்க வேண்டும். இது பப்டிஸ்ட் வீட்டுக்குள் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கிழக்கில் நிலைமை வேறு. முதல் பப்டிஸ்ட் மிஷனரியான ஜேம்ஸ் சாட்டர் 1812இலேயே கொழும்புக்கு வந்திருந்தாலும், 1814இல் வந்த மெதடிஸ்தர் அதே வருடம் மட்டக்களப்பில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள், கத்தோலிக்கர் அதற்கும் எத்தனையோ காலம் முன்பே வந்தவர்கள். அதனால் உங்கள் பட்டியலில் உள்ள பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது ஒரு அம்மம்மா இருப்பார், "எங்கட கோயில்ல குழந்தையில குடுத்தது செல்லாதோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கடற்கரையில் சந்திக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்பே வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, அவர்களுடைய கோயிலைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்லாமல், இது இந்தப் பிள்ளை தன் வாயால் சொல்கிற சாட்சி என்று விளக்குங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டவே வேண்டாம், காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நாளைத் தெரிவு செய்யும்போது கலண்டரைப் பாருங்கள். பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் வெளியூர் பஸ்கள் வந்து கடற்கரை நிரம்பிவிடும், இறைச்சிக் கடையும் பூட்டு, பிறகு விருந்துக்கு மீன்தான். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யச் சனம் கடலுக்கு வரும், அன்று நாம் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. நேரம் காலை ஆறு. அப்போது கடல் குளம்போல இருக்கும். கச்சான் ஏற ஏற இன்னொரு ஆபத்து: அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று, அலையை அடக்கிவிடும், பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் மிதக்கிற எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பிள்ளைகளிடம் ரியூப்பும் காற்றுப் பந்தும் கொடுக்காதீர்கள். போன பந்தைப் பிடிக்க நீந்துகிற பிள்ளையைத்தான் நாம் தேட வேண்டிவரும்.

இடத்துக்குக் கரைவலைச் சம்மாட்டியிடம், அதாவது வலைச் சொந்தக்காரரிடம், கேளுங்கள். எந்த நேரம் வலை இழுக்கிறார்கள், கயிறு எங்கே வரும், எந்த இடத்தில் பள்ளம் என்று அவருக்குத்தான் தெரியும். நாங்கள் முதல் வருடம் கேட்காமல் போய், ஆராதனையின் நடுவே இருபது பேர் கயிற்றை இழுத்துக்கொண்டு எங்கள் பாட்டுக்குள்ளால் வந்தார்கள். பிழை எங்களுடையது. அடுத்த வருடம் முதலே போய்க் கேட்டோம், அவர் பழைய வலையும் தந்தார் (கூரைக்கு), வலையில் பட்ட பாரையும் தந்தார். ஒலிபெருக்கி வைக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும், கடற்கரையில் அது தேவையே இல்லை, கீர்த்தனைக்கு ஒரு கஞ்சிரா போதும்.

உடுப்பு: சாறி வேண்டாம், நனைந்தால் காலைக் கட்டிவிடும். வெள்ளை உடுப்பு விரும்பினால் உள்ளே கடும் நிறத்தில் ஒன்று போடச் சொல்லுங்கள், படம் பிடிக்கிறவனும் எதிரே நிற்பான். ஆழம் போதகரின் இடுப்பளவு. கரையில் துவாயோடு ஒரு அக்கா, தண்ணீரில் போதகரோடு நீந்தத் தெரிந்த ஒருவர். முதலில் அவர் இறங்கி, சொறிமுட்டை (ஜெலி மீன்) இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

முழங்கால் ஏலாத எழுபது வயது அம்மா ஒருவர் கடலில்தான் எடுப்பேன் என்று நின்றார். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனோம். இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும் கதிரை மிதக்கத் தொடங்கிவிட்டது, அம்மா ஒரு பக்கம் சரிய, இரண்டு பையன்கள் கதிரைக் காலைப் பிடித்து அமுக்க, போதகர் ஐயா அந்த இடைவெளியில் "பிதா, குமாரன்" சொல்லி மூழ்க வைத்துத் தூக்கிவிட்டார். அம்மா வாயிலிருந்த உப்புத் தண்ணியைத் துப்பிவிட்டு, "பல்லு போயிட்டுது தம்பி" என்றார். பல் செட் கடலோடு போய்விட்டது. எனவே கேட்க மறக்காதீர்கள்: கண்ணாடி, பல், தங்கச் சங்கிலி, எல்லாம் கரையில்.

விடுமுறை வேதாகமப் பாடசாலைக்கு ஓகஸ்டை நம்பாதீர்கள், கொரோனாவுக்குப் பிறகு தவணை விடுமுறைத் திகதிகள் இடம் மாறியதுண்டு, பாடசாலையில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். ஐந்து நாள், காலை ஏழரை தொடக்கம் பத்தரை வரை. அயலில் உள்ள சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் விளையாட்டுக்காக வருவார்கள், வரட்டும், ஆனால் பெற்றோரிடம் நேரே போய் இது வேதாகமக் கதை சொல்கிற இடம் என்று வெளிப்படையாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒளித்துச் செய்து ஒரு வீட்டுக் கதவு பூட்டினால் ஆடிப்பிறப்புக்கு அந்த வீட்டுக் கூழ் வராது, சண்டை வரும். குடிக்க தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் போட்டுக் கொடுங்கள், மோர் இருந்தால் இன்னும் நல்லது. கலர் சோடா வேண்டாம், தாகம் கூடும், நெஞ்சுச் சட்டையும் சிவக்கும்.

வெளிநாட்டுக்காரர் ஜூலை, ஓகஸ்டில் வருவார்கள், கனடா, லண்டன், சுவிஸ். சந்தோஷம். சாட்சி சொல்லக் கேட்பார்கள், ஐந்து நிமிடம் என்று முதலே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அங்கே பனியில் பட்ட கஷ்டத்தை இங்கே வியர்வையில் கேட்பது கடினம். மின்விசிறி வாங்கித் தருகிறேன், பேர் அடிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் டீக்கன்மார் பேர் இல்லாமல் கேட்டுப் பார்த்தார்கள், ஒருவர் தந்தார், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

செப்டெம்பர் முடிய, வாடைக் காற்றுக்கு முந்திய மழை தொடங்குவதற்குள் கிடுகை இறக்குங்கள், நனைந்த கிடுகு உக்கிப் பூச்சி பிடிக்கும். நல்லதைக் கட்டி விறாந்தையில் அடுக்கிவிட்டு, மீதியை ஞாயிறு பாடசாலைச் சமையலுக்கு எரியுங்கள். போத்தல்களின் மணலைக் கொட்டி, வலையை உதறி, மடித்து, சம்மாட்டி வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள், கையில் ஒரு பனங்கட்டிக் குட்டானோடு. அடுத்த மேயில் திரும்பவும் அவரிடம்தான் போக வேண்டும்.