தெருவில் அநாதையாக நின்ற காரை எடுக்க வைத்தது

எங்கள் தெருவில் ஒரு கார் வாரக்கணக்கில் நகராமல் நின்றது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், யாருடையதும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் முன்னாலும் பின்னாலும் வேறு வேறு நம்பர் பிளேட், சாவி போடும் இடமும் பெயர்ந்திருந்தது. சரி, இது திருட்டு வண்டியாக இருக்கலாம், யாரோ பாவம் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

கதவைத் தொடாதீர்கள், கைரேகை கெட்டுவிடும். நான் வெளியில் நின்றே படம் எடுத்து, சேசிஸ் எண்ணையும் (ஒவ்வொரு வண்டியிலும் பொறித்திருக்கும் தனி அடையாள எண்) குறித்துக்கொண்டேன். இன்றைய கார்களில் அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடம் கொண்டது, பல வண்டிகளில் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியிலிருந்தே தெரியும், அதில் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது என்பதால் ஓ மாதிரி தெரிவது பூஜ்யம்தான். பிளேட்டைக் கழற்றி மாற்றுவது சுலபம், இந்த எண்ணை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை, அதனால் இதுதான் முக்கியம்.

போலீஸுக்குப் போன் செய்து ‘கேட்பாரற்ற வண்டி’ என்றதும் நகராட்சியிடம் சொல்லச் சொன்னார்கள், நகராட்சியோ போலீஸைக் கைகாட்டியது. அப்புறம் மறுபடி போலீஸையே அழைத்து, பிளேட் பொருந்தவில்லை, சாவித்துளை உடைந்திருக்கிறது, சேசிஸ் எண் இது என்று வரிசையாகச் சொல்லி, புகார் எண்ணையும் கேட்டு வாங்கினேன். உடனே சரிபார்த்தார்கள். திருட்டு வண்டியேதான். இழுவை வண்டி வந்து எடுத்துப்போனது.